அங்கிள் கொடுத்த மோதிரம்

அம்மாவைப் பொறுத்தவரை நான் அப்போது கம்ப்யூட்டர் கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. மலாக்காவில் ஆயர் குரோ பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பெக்டரியில் எனக்குக் காலை ஷிப்ட். மூன்றரை மணிக்கு பெக்டரி பஸ் என்னைப் புக்கிட் பெருவாங் கடைவரிசையில் இறக்கிவிடும். வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். நான் வலது பக்கம் திரும்பி, ஒரு மாடிப்படி ஏறி, ஏழு கம்ப்யூட்டர்கள் இருந்த கடைக்குள் நுழைந்துவிடுவேன். ஆறு மணிக்கு வீடு வந்து சேரும்போது அம்மா கேட்பார், "சர்ட்டிபிகேட் எப்பதான் கொடுப்பாங்க?" "பரீட்சை தள்ளிப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போன பரீட்சை அது.

கடைக்காரர் எங்கள் மலாக்கா தமிழ் முஸ்லிம் வியாபாரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். முப்பது வயதிருக்கும். டவுனில் அவர்களுக்குப் பரம்பரைத் துணிக்கடை. துணி அளந்து கிழிக்கப் பொறுமையில்லாமல் இங்கே வந்து கம்ப்யூட்டர் கடை போட்டவர். அண்ணன் என்ற பொருளில் நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் அடிமையாகிக் கிடந்த அந்த விளையாட்டை எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

இன்றைய பிள்ளைகளிடம் அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்கள். படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் இங்கிலீஷ் எழுத்து. 'வடக்கு' என்று அடித்தால் வடக்கே போவோம், 'பார்' என்று அடித்தால் எதிரில் இருப்பதை நாலு வரியில் சொல்லும். கோட்டை, சந்தை, ஆறு, மந்திரவாதி எல்லாம் எழுத்திலேயே. ஆனால் அதே நேரத்தில் உலகத்தின் வேறு மூலைகளில் உட்கார்ந்திருந்த நூறு நூற்றைம்பது பேரும் அதே சந்தையில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு எழுத்தில் பேசலாம். நான் அங்கே ஒரு வைத்தியச்சி. பதினாலு மாதம் பாடுபட்டு, காயம்பட்டவர்கள் வரிசையில் நிற்கும் அளவுக்கு அவளை வளர்த்து வைத்திருந்தேன். பெக்டரியில் என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத சூப்பர்வைசர் இருந்தார். விளையாட்டிலோ என்னை எல்லோருக்கும் தெரியும்.

விளையாடுவதைவிட அதில் குறை கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ருசி அதிகம். அதில் ஆச்சரியமில்லை. பெக்டரியில் நாள் முழுக்க பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, பற்றவைப்பு சரியில்லாத சர்க்யூட் போர்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. அந்த விளையாட்டை ஒரே ஆள் எழுதவில்லை. பல நாடுகளைச் சேர்ந்த பலர், ஆளுக்கொரு ஊராக எழுதிச் சேர்த்தது. அதனால் ஓட்டை ஒடிசல் நிறைய. கல்லறையில் கொல்லர் செத்துவிட்டார் என்று கல்வெட்டு இருக்கும், இரண்டு தெரு தள்ளி அதே கொல்லர் ஆணி விற்றுக்கொண்டிருப்பார்.

"எங்க வாப்பாவும் இப்படித்தான்லா. மௌத்தானாலும் மறுநாள் வந்து கடையைத் தொறப்பாரு" என்றார் நானா.

வைத்தியர்கள் மாமிசம் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் என்று நூலகப் புத்தகம் சொல்லும், ஆனால் வைத்தியராகச் சேர்ந்தவுடன் கொடுக்கும் பையில் காய்ந்த இறைச்சிதான் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் நான் 'இறைச்சி தின்' என்று அடிக்கமாட்டேன். என் வைத்தியச்சி பசியில் மயங்கி விழுவாள். நானா தலையில் அடித்துக்கொள்வார். இந்தக் குறைகளையெல்லாம் நாங்கள் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தோம். அதற்கு 'தக் கெனா' என்று பெயர். மலாயில், பொருந்தவில்லை என்று அர்த்தம்.

விளையாட்டுக்குள்ளேயே ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது, போர்டு என்போம். அங்கே இந்தப் பொருத்தமின்மைகளை வைத்து உலகமே சண்டை போடும். அந்தச் சண்டையில் சத்தம் போடாமல் நியாயம் பேசியவர் ஒருவர்தான். அவர் ஆற்றில் படகு ஓட்டுபவர். நான்கு வருடமாக ஆட்களை அக்கரையில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். நிஜத்தில் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் தனியாக இருந்த வயதான மனிதர். எங்களுக்கு நாலு மணி என்றால் அவருக்குக் காலை. கையில் மூட்டுவாதம் வந்து வேலையை விட்டவர். ஒரு வரி அடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு வரிக்காக நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தபடி காத்திருப்போம். ஒருநாள் அவரே எழுதினார்: என் விரல்களுக்கு இன்னும் ஒரு குளிர்காலம் இருந்தால் அதிகம், அதற்குள் கோபுரத்து அறையைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தக் கோபுரத்து அறைதான் எல்லோருக்கும் தீராத தலைவலி. ஒரு அரண்மனை, அதன் கோபுரத்தில் அடைபட்ட இளவரசி. அரண்மனை வாசலில் ஒரு கிழட்டுக் காவலாளி முக்காலியில் உட்கார்ந்திருப்பான். உள்ளே போக வேண்டுமானால் அவன் கேட்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: 'அந்தப் பெண்ணுக்கு மோதிரம் கொடுத்தது யார்?' சரியாகச் சொன்னால் கதவு திறக்கும். தப்பாகச் சொன்னால் நம் பெயர் அழிந்துவிடும். மற்ற இடங்களில் செத்தால் திரும்பப் பிறக்கலாம். இங்கே அது கிடையாது. வருடக்கணக்கில் வளர்த்த ஆள் ஒரே நொடியில் இல்லாமல் போய்விடுவார். வாசலிலேயே எச்சரிக்கைப் பலகை இருந்தது.

துப்பு இரண்டுதான். அரண்மனை வரலாற்றுப் புத்தகம் சொன்னது: இளவரசியின் அங்கிள் அவளுடைய அப்பாவைக் கொன்றுவிட்டு அரியணை ஏறினான். கிணற்று வாளியில் கிடைத்த இளவரசியின் கடிதம் சொன்னது: 'அங்கிள் எனக்கு இந்த மோதிரத்தைக் கொடுத்தார். அவர் ஒருவர்தான் என்னிடம் அன்பாக இருந்தார்.' அப்பாவைக் கொன்றவன் எப்படி அன்பானவன் ஆவான்? மோதிரத்தில் விஷம் என்றது ஒரு கூட்டம். எழுதியவனுக்கு மறதி, இதுவும் ஒரு ஓட்டை என்றது இன்னொரு கூட்டம். துணிந்து போன ஒருவர் 'ராஜா' என்று சொல்லி அழிந்தார். இன்னொருவர் 'அவளுடைய அப்பா' என்று சொல்லி அழிந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் வாசல் பக்கம் போகவில்லை.

விடை எனக்கு பஸ்ஸில் தோன்றியது. தோன்றியதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். படியில் ஓடி ஏறி நானாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"நானா, வெள்ளைக்காரனுக்குச் சித்தப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள். இது ரெண்டு பேர்லா! கொன்னது சித்தப்பா. மோதிரம் போட்டது தாய்மாமன்."

நானா எழுந்தே நின்றுவிட்டார். "யா அல்லா. ஆமாலா! மோதிரம் போடுறது மாமாதானே? வேற எவன் போடுவான்?"

எனக்கு அதில் துளிகூட சந்தேகம் வரவில்லை. நான் பெரியவளானபோது சுங்கை ரம்பாயிலிருந்து என் மாமா பஸ் மாறி மாறி வந்து, சீர்த்தட்டு வைத்து, என் விரலில் மோதிரம் போட்டார். ராணி ஆற்றங்கரை நாட்டிலிருந்து வந்தவள் என்று வேறு ஒரு புத்தகத்தில் இருந்தது. அப்படியென்றால் அவளுக்கு அங்கே அண்ணனோ தம்பியோ இருந்திருப்பான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. என் பள்ளிக்கூட இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி போர்டில் ஒட்டினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் நாற்பது பதில்கள். உங்கள் மொழியில் இத்தனை சொற்களா என்று வியந்தார்கள். மேதை என்றார் ஒருவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. கடைசியில் படகுக்காரரின் பதில் இருந்தது. கண்டுபிடித்தவர் நீங்கள், முதலில் உள்ளே போக வேண்டியவரும் நீங்கள்தான் என்று எழுதியிருந்தார்.

நியாயம்தான். நான் போயிருக்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, விரத நாள், வேறு நாளில் போகிறேன் என்று எழுதினேன். சனிக்கிழமை ஓவர்டைம் என்றேன். திங்கட்கிழமை மழை, டெலிபோன் லைன் அடிக்கடி அறுந்துபோகிறது என்றேன். உண்மையில் எனக்குப் பயம். வாசல்வரை போவேன், காவலாளி கேள்வி கேட்பான், 'தெற்கு' என்று அடித்து ஓடி வந்துவிடுவேன். என் வைத்தியச்சி அழிந்துபோனால் நான் வெறும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். மேதை என்ற பட்டமும் வேண்டும், பதினாலு மாத உழைப்பும் போகக்கூடாது. இப்படி இரண்டையும் பிடித்துக்கொண்டு நாலு நாள் சோறு இறங்காமல் திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை படகுக்காரர் என்னைத் தனியாக அழைத்து எழுதினார். நீங்கள் தயங்குவது புரிகிறது, உங்களுக்கு நிறைய வருடங்கள் இருக்கின்றன, நான் போகிறேன். ஒரு நிமிடம் கழித்து அடுத்த வரி வந்தது: உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

நானா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "யோசிச்சு சொல்லு தங்கச்சி. அவருக்குத் திரும்ப ஒண்ணு வளர்க்க முடியாதுலா, அந்தக் கையை வச்சிகிட்டு."

எனக்குக் கோபம் வந்தது. நானாவின் மேல் வந்த கோபம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். "இத்தனை நாளா நீங்களும்தானே ஆமா ஆமான்னு சொன்னீங்க?" என்று சீறிவிட்டு, 'ஷூர் லா, கேன், கேன்' என்று அடித்தேன். அவருக்கு அது புரியவில்லை. என்ன 'கேன்' என்று கேட்டார். நிச்சயம் என்று ஒழுங்கான இங்கிலீஷில் திருப்பி அடித்தேன். இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை நாலு மணிக்கு நல்ல மழை. கடையில் நாங்கள் இருவர் மட்டும். என் வைத்தியச்சி அரண்மனை வாசலில் மற்ற இருபது பேரோடு நின்றுகொண்டிருந்தாள். படகுக்காரர் வந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், அதற்கே ஒரு நிமிடம். காவலாளி கேள்வியைக் கேட்டான். எங்கள் திரை அப்படியே நின்றது. மழையில் லைன் போய்விட்டதோ என்று நான் மோடத்தைப் பார்த்தேன், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் அடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பிள்ளையாரே, சரியாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அந்த நிமிடம்கூட, வேண்டாம் என்று ஒரு சொல் அடித்து அவரைத் தடுத்திருக்கலாம். அடிக்கவில்லை.

'ராணியின் சகோதரன், பெண்ணின் தாய்மாமன்' என்று அவருடைய பதில் வந்தது. தாய்மாமன் என்பதை நான் எழுதிக்கொடுத்தபடியே தமிழ் உச்சரிப்பில் அடித்திருந்தார்.

காவலாளி தலையசைக்கவில்லை. 'உன் பெயரைக் கொடு' என்றான். பெயரை நெருப்பில் போட்டான். படகுக்காரர் இங்கே இல்லை என்றது திரை.

நானா மெதுவாகச் சொன்னார், "போயிட்டாருலா."

அப்போது எல்லோருக்கும் கேட்கும்படி, அந்த அரண்மனையை எழுதிய ஆள் வாய் திறந்தார். அதுவரை அவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவர் எழுதிய முதல் சொல் 'அலாமாக்'.

நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடடா என்பதற்கு அலாமாக் என்று உலகத்தில் வேறு எவன் சொல்லுவான்? நம் நாட்டுப் பையன். வெளிநாட்டில் எங்கோ படித்துக்கொண்டிருப்பவன். அவன் தொடர்ந்து எழுதினான்: 'அங்கிள் லா. கேட்டில் உட்கார்ந்திருக்கும் அங்கிள். காவலாளியின் கையைப் பார் என்று ஒருத்தரும் அடித்துப் பார்க்கவில்லையா? மோதிரத் தழும்பு இருக்கிறதே. ஏன் எல்லோரும் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்?'

அன்று காலையில்கூட பெக்டரி வாசலில் காவலிருக்கும் ஜாகாவைப் பார்த்து, "அங்கிள், பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். ரொட்டிக்காரர் அங்கிள். பஸ் டிரைவர் அங்கிள். தபால்காரர் அங்கிள். ஒரு நாளைக்கு இருபது பேரை அங்கிள் என்று கூப்பிடுகிறவள் நான். அந்தச் சின்னப்பெண் வாசலில் உட்கார்ந்த வாட்ச்மேனை அங்கிள் என்று கூப்பிட்டிருக்கிறாள். அதைக் கண்டுபிடிக்க அந்த விளையாட்டில் யாருக்காவது வாய்ப்பிருந்தது என்றால் அது எனக்கும் நானாவுக்கும்தான். இங்கிலீஷ்காரனின் அங்கிளைத் தேடி நான் தாய்மாமன்வரை போய்விட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள், ஒரு கிழவனின் கையைப் பார்க்கவில்லை.

அடுத்து நான் செய்ததை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் அலாமாக் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் காவலாளியின் முன்னால் போய் நின்றேன்.

"இப்பவா போற?" என்றார் நானா.

'நீங்கள்தான், அங்கிள்' என்று அடித்தேன். கதவு திறந்தது. ஓடினேன், படி ஏறினேன், கோபுரத்து அறைக்குள் நுழைந்தேன். திரையில் ஒரே வரி: 'இந்த அறை இன்னும் எழுதப்படவில்லை.'

இளவரசி இல்லை, கட்டில் இல்லை, சுவர் இல்லை. திரும்பி வெளியே வருவதற்குள் அந்தப் பையன், பழுதுபார்க்கிறேன் என்று அறிவித்து வாசலையே மூடிவிட்டான். படகுக்காரரைத் திருப்பிக் கொடு என்று எல்லோரும் அவனிடம் கெஞ்சினார்கள். அழிந்தது அழிந்ததுதான், எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றான். உள்ளே போய்ப் பார்த்த ஒரே ஆள் நான். என்ன இருந்தது, என்ன இருந்தது என்று என்னைத் துளைத்தெடுத்தார்கள். சிலர் வாழ்த்துகூடச் சொன்னார்கள். லைன் போய்விட்டதுபோல நான் வெளியேறினேன்.

பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போனேன், அம்மா கிளாஸ் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். பிறகு மனசு கேட்காமல் கடைக்குப் போய், அவர் வேறு பெயரில் வந்தாலும் வருவார் என்று, புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் வந்து நிற்கும் சதுக்கத்தில் என் வைத்தியச்சியை உட்காரவைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டி கொடுத்தேன். நாலாம் நாள் ஒரு புதுப் பெயர் வந்தது. கையில் கத்திகூட இல்லாத, முதல் படியில் இருந்த ஆள். வணக்கம் என்று ஒரு சொல், அதற்கு ஒரு நிமிடம். படகுக்காரர்தான்.

நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் அவர் கேள்வி வந்துவிட்டது. உள்ளே என்ன இருந்தது?

அவருக்கு இன்னொரு குளிர்காலம் இல்லை. அவரிடம் போய், ஒன்றுமில்லை, எழுதி முடிக்காத அறைக்காக நீங்கள் அழிந்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? மடமடவென்று அடித்தேன். அழகான அறை. இளவரசி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வழியாக ஆறு தெரிகிறது. கீழே உங்கள் படகு கட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. எழுத எழுத எனக்கே கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு நன்றாக நான் இங்கிலீஷில் எதையும் எழுதியதில்லை.

மின்விசிறி சுற்றுவதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருடைய வரி ஒவ்வொன்றாக வந்தது.

'கோபுரம் வடக்கே பார்த்தது.'

'ஆறு தெற்கே.'

நான்கு வருடம் அந்த ஆற்றில் படகு ஓட்டியவர். எங்களைப்போல் பொருந்தாததைத் தேடியே பழகிய மனிதர். நான் விரலை விசைப்பலகையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு நிமிடம் கழித்து மூன்றாவது வரி வந்தது.

'இருந்தாலும் நல்ல ஜன்னல்.'

மன்னித்துவிடுங்கள் என்று அடித்து அனுப்பினேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று திரை பதில் சொன்னது.